காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு

1989 தை மாதம் பதினைந்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லண்டனுக்கு வெளியே ஹோலண்டின் மாட்டுக் கொட்டிலில் நின்றவர்கள்:

ஹோலண்ட். பண்ணைக்குச் சொந்தக்காரர். இறைச்சிக்காக மாடுகளைக் கொழுக்க வைப்பது தொழில். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது.

யோகலிங்கம். ஹோலண்டின் மாடுகளைப் பார்ப்பவன். பண்ணையிலேயே ஒரு கரவன் வண்டியில் குடியிருக்கிறான். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆனந்தராஜா. ஊரில் கால்நடைத் திணைக்கள உத்தியோகத்தர். இங்கே இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை, பகலில் ஹோலண்டுக்குத் தீவன ஆலோசகர்.

தில்லையம்பலம். கிங்ஸ்பரியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். பட்டிப் பொங்கலுக்கு மாடு தேடி அலைந்தவர்.

அருமைநாயகி. தில்லையம்பலத்தின் மனைவி. பூசைக்குச் சக்கரைப் பொங்கல், எங்கள் பேச்சில் புக்கை, பொங்கியவர்.

கடைசியாக, நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்த ஒரு கறுப்பு நாம்பன், இளங்காளை. விதை நீக்கி நலமடித்தது, ஆளுக்கு அடங்கியது. அதனால் பூசைக்கு அதையே பிடித்துக் கட்டினார்கள்.

திங்கட்கிழமை விடிந்தபோது நாம்பன் செத்துக் கிடந்தது. வலது காதைக் காணவில்லை.

காலை ஒன்பதரை.

கத்தரின் கொட்டிலுக்குள் நுழைந்தபோது தரை உறைபனியில் நொறுங்கியது. மழையில்லை, காற்றில்லை, வெறும் குளிர். அவளைத் தன் கடை வானில் ஏற்றிக் கொண்டு வந்தவர் தில்லையம்பலம். பின்சீற்றில் அருமைநாயகி அழுதுகொண்டே வந்தார்.

கத்தரின் மன்னார்க்காரி. பேராதனையில் மிருக வைத்தியம் படித்தவள். லண்டனில் அந்தப் பட்டத்தை ஒருவரும் மதிக்கவில்லை. திரும்பப் பரீட்சை எழுதி, கவுன்சிலில் இறைச்சிப் பரிசோதகர் ஆனாள். தில்லையம்பலத்தின் கடைக்கு மேல்மாடியில் நாலு வருடமாக வாடகைக்கு இருக்கிறாள். அவர்கள் சைவம், இவள் வேதக்காரி. இரண்டு பகுதிக்கும் பொதுவாக இருந்தது சுடுதண்ணித் தாங்கி ஒன்றுதான். புதனும் சனியும் அந்த வீட்டு ஆம்பிளைகள் எண்ணெய் வைத்துத் தலைக்குத் தோய்ந்து தாங்கியை வெறுமையாக்கிவிடுவார்கள். அந்த நாட்களில் அவள் பற்கள் கிட்டிக்க, பச்சைத்தண்ணியில் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வேலைக்குப் போவாள்.

"நீங்கள்தான் கவுன்சில் ஆளா? நல்லது. கண்ணால் பாருங்கள்," என்றார் ஹோலண்ட். "நேற்று வந்து மணி அடித்தார்கள். நெருப்புக் காட்டினார்கள். கத்தி வைத்திருந்தார்கள். இன்றைக்கு மாடு செத்துக் கிடக்கிறது, காது இல்லை."

தில்லையம்பலம் கத்தரினின் தோளுக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தார். "தேங்காய்ச் சொட்டு வெட்டின கத்தி, பிள்ளை. அந்தாளுக்குச் சொல்லும்."

"சொன்னால் நம்புவாரோ?"

"உம்மடை இங்கிலீசில சொல்லும். என்ரை இங்கிலீசுக்கு அவர் தலையை மட்டும் ஆட்டுறார்."

ஹோலண்ட் கையை நீட்டி யோகலிங்கத்தைக் காட்டினார். "இவன்தான் அவர்களைக் கூட்டி வந்தவன். இரவு இங்கே இருந்தவனும் இவன் ஒருவன்தான். பன்னிரண்டு மணிக்குப் போலீஸ் வருகிறது. அதற்குள் வேறு விளக்கம் கிடைக்காவிட்டால் இவன் பெயரைக் கொடுப்பேன்."

யோகலிங்கம் வாளியைப் பிடித்தபடி சுவரோடு நின்றான். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"அக்கா, மிருக வதை எண்டு ஒரு கேஸ் விழுந்தால் ஹோம் ஒபிசில என்ரை ஃபைல் அதோட சரி. பிளேனில ஏத்திப்போட்டுத்தான் மற்ற வேலை பாப்பாங்கள்."

"நீ செய்தனியோ?"

"இல்லை."

"அப்ப வாளியைக் கீழ வைச்சிட்டு இஞ்ச வந்து இந்தக் காலைப் பிடி."

அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். நாம்பனின் இடப்பக்க வயிறு மேளம் மாதிரி எழும்பி நின்றது. வாயோரம் நுரை காய்ந்திருந்தது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. காது இருந்த இடத்தில் ஒரு வெட்டுவாய், விளிம்பு நேராக. சுவரில் இரத்தமில்லை, வைக்கோலில் இரத்தமில்லை.

உயிரோடு ஒரு மாட்டின் காதை வெட்டியிருந்தால் கொட்டில் கசாப்புக்கடையாகியிருக்கும். காது போனது உயிர் போன பிறகு.

இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து இடப்பக்க வயிற்றைத் திறந்தாள். அருமைநாயகி திரும்பிக்கொண்டு வாயைப் பொத்தினார். புளித்த நாற்றம் ஒன்று எழுந்தது. இரைப்பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். வெள்ளைக் களி. விரலில் தேய்த்துப் பார்த்தாள். பார்லி மா, மெல்லிசாக அரைத்தது. அந்தக் களிக்குள் தேடித் தேடி எடுத்ததில் சோற்றுப் பருக்கை ஒன்றிரண்டும் ஒரு முந்திரிகை வத்தலும் கிடைத்தன.

"புக்கை எவ்வளவு குடுத்தனீங்கள், அன்ரி?"

"வாழையிலையில ஒரு கரண்டி. அதிலயும் பாதியை அது தட்டிவிட்டிட்டுது. அதுக்குச் சக்கரை பிடிக்கேல்லைப் போல."

"அப்ப அழுகையை நிப்பாட்டுங்கோ. உங்கடை புக்கை சாகடிக்கேல்லை."

அருமைநாயகி மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். தில்லையம்பலம் பெருமூச்சு விட்டார். கடையில் அரிசி விற்பவருக்கு அந்தச் செய்தி இரட்டிப்பு நிம்மதி.

கத்தரின் ஹோலண்டிடம் கேட்டாள். "இந்த மாடுகளுக்கு என்ன தீனி?"

"புரட்டாதியிலிருந்து புல்லும் காய்ந்த புல்லும். தானியம் போன கிழமைதான் தொடங்கினோம், நாளுக்கு ஒரு கரண்டி, நசித்த பார்லி. மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும் என்று ஆனந்தா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். திடீரென்று போட்டால் வயிறு உப்பிச் செத்துவிடும்."

"சரியாகச் சொல்லியிருக்கிறார். இதன் வயிற்றில் அரை மூட்டை இருக்கிறது. அதுவும் நசித்ததில்லை, மா."

"மா பூட்டிய தீவன அறைக்குள் இருக்கிறது."

"எத்தனை திறப்பு?"

"மூன்று. என்னிடம் ஒன்று. யோகாவிடம் ஒன்று. ஆனந்தாவிடம் ஒன்று."

யோகலிங்கம் கண்ணை மூடினான். சட்டைப் பைக்குள் இருந்த திறப்பு அவனுக்கு இப்போது கனத்தது.

பத்து மணி.

ஆனந்தராஜா வந்தார். குரங்குத் தொப்பி, கழுத்தில் மப்ளர், நெற்றியில் மூன்று குறி திருநீறு. தீவன அறையைத் திறந்து, கதவுக்குப் பின்னால் இருந்த வழமையான ஆணியில் தொப்பியைக் கொழுவிவிட்டுக் கொட்டிலுக்குள் வந்து நின்றார். குளிரில் மாடுகளின் மூக்கிலிருந்து ஆவி பறந்தது, பேசுகிறவர்களின் வாயிலிருந்து ஆவி பறந்தது, ஆனந்தராஜாவின் தலையிலிருந்தும் ஆவி பறந்தது.

"ஷிப்ட் முடிஞ்சு ஆறு மணிக்கு வீட்டை போய்ப் படுத்தனான். ஹோலண்ட் போன் எடுத்துத்தான் எழும்பினது. அள்ளுப்பட்டு ஓடி வாறன்," என்றார். நாம்பனைப் பார்த்தார். கிட்டப் போகவில்லை. "பாவம். அரிசிதானே? நான் நேற்றே நினைச்சனான்."

"அரிசி இல்லை அண்ணை. பார்லி மா."

"மாவோ?" புருவம் உயர்ந்தது. "அப்ப ஆரோ கவனமில்லாமல் வாளியை வைச்சிட்டுப் போயிருக்கினம்." அவர் யோகலிங்கத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டதே பார்த்த மாதிரி இருந்தது. "காதை நரி கடிச்சிருக்கும். இந்தப் பக்கம் நரி கனக்க."

"நரி கடிச்சால் நாக்கிலயோ பின்பக்கத்திலயோ தொடங்கும். கத்தரிக்கோலால வெட்டினமாதிரி ஒரு காதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போகாது."

தில்லையம்பலம் சிரித்துவிட்டு, இடம் சரியில்லை என்று கண்டு இருமினார்.

கத்தரின் அருமைநாயகியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள்.

"நேற்று நடந்ததை ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

"என்ன நடந்தது? இவர் தேவாரம் படிச்சார். நான் நெத்தியில சந்தனம் பூசினன். அது தலையைச் சாய்ச்சுக் கொண்டு நிண்டிது, குழந்தைப்பிள்ளை மாதிரி. காதுக்குப் பின்னால சொறிஞ்சு விட்டன். வலது காதுக்குப் பின்னால, தோலுக்குள்ள, மிளகு கோத்தமாதிரி ஏதோ உருண்டுது. 'ஐயோ, இதுக்குக் காதில ஏதோ கட்டி, எங்கடை கத்தரின் இருக்கிறா, நாளைக்குக் கூட்டிக் கொண்டந்து காட்டுறன்' எண்டு சொன்னன். அடையாளத்துக்கு அதில ஒரு குங்குமப் பொட்டும் வைச்சு விட்டன். உம்மிட்டை இரவே சொல்ல நினைச்சனான், நீர் படுத்திட்டீர்."

"ஆருக்குச் சொன்னீங்கள்?"

"எல்லாருக்கும்தான். சத்தமாத்தான் சொன்னன்."

"தமிழிலயோ?"

"பின்ன? எனக்கு என்ன பிரெஞ்சோ தெரியும்?"

"ஆனந்தராஜா அண்ணை எங்க நிண்டவர்?"

"அவர் வாசலில. பூசைக்குக் கிட்ட வரேல்லை. அவருக்கு மூக்கடைச்சுத் தலையிடிக்கிற பீனிசமெல்லே. மார்கழி தொடங்கித் தலையில ஒரு சொட்டுத் தண்ணி படேல்லையாம், டொக்டர் மறிச்சுப் போட்டாராம். தோயாமல் பூசையில நிக்கப்படாது எண்டு தள்ளி நிண்டவர். அவர் அதுகளில சரியான ஆசாரம்."

கத்தரின் உறைந்த சேற்றைச் சப்பாத்து நுனியால் உடைத்தாள். பிறகு ஹோலண்டிடம் போனாள்.

"இந்த மாட்டின் காதில் ஒரு கட்டி இருந்தது என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா?"

"என்ன கட்டி?"

கேள்வி உடனே வந்தது. நடிப்பில்லை. அவள் யோகலிங்கத்திடம் திரும்பினாள்.

"இதை ஏன் தனிய இந்த மூலையில கட்டினனி?"

"நீங்கள் வந்து பாக்க வசதியா எண்டு. முதலாளிக்குக் 'களைச்சுப் போச்சு' எண்டு சொன்னன். காதில கட்டி எண்டு சொன்னால் மாட்டைத் தொட்டதுக்கு ஏசுவார் எண்டு பயம்."

"பின்னேரம் எங்க நிண்டனி?"

"அண்டா, பானையெல்லாம் ஏத்திக்கொண்டு கிங்ஸ்பரிக்கு. எட்டு மணிபோலத் திரும்பி வந்து பாத்தன். நிண்டுகொண்டுதான் இருந்திது. வயிறு கொஞ்சம் பெருத்திருந்தது. புக்கை எண்டு நினைச்சுப் போய்ப் படுத்திட்டன்." அவன் செத்த மாட்டைப் பார்த்தான். "அப்பவே உங்களுக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம்."

"எடுத்திருக்கலாம்," என்றாள் கத்தரின். ஆறுதல் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. "மற்ற மாடுகள் நல்லாத்தான் கொழுத்திருக்குதுகள். வெறும் புல்லிலயோ இவ்வளவு?"

"புல்லும் ஆனந்தராஜா அண்ணையின்ரை மினரலும். அவர் தானே கலந்து தீவன அறையில ஒரு டிரம்மில வைச்சிருக்கிறார். ஆமைப்பூட்டுப் போட்டு. நாங்கள் 'மசாலாப் பெட்டி' எண்டு பகிடி பண்ணுவம். அந்தத் திறப்பு அவரின்ரை பூணூல் மாதிரி, கழுத்தை விட்டுக் கழலாது. முதலாளிக்கு அந்த மினரலில சரியான பெருமை. மற்றப் பண்ணைக்காரரைக் கூட்டி அடுத்த மாசம் அவரைப் பேச வைக்கப் போறார்."

"எடை பாக்கிற நாளில மாட்டை ஆர் பிடிக்கிறது?"

"இரும்புக் கூண்டுக்குள்ள விடுறது நான். தலைப்பக்கம் அவர். புரட்டாதியில ஒருக்கா எல்லாத்துக்கும் காதுப் பூச்சி மருந்து போட்டவர். அண்டைக்கு என்னைத் தேத்தண்ணி போட அனுப்பிப்போட்டார்."

"ஒரு மாட்டைக் கூண்டுக்குள்ள விடு."

இன்னொரு நாம்பன் வந்து நின்றது. கத்தரின் அதன் வலது காதை மடித்து, பின்புறத் தோலை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு போனாள். நடுவில் ஒரு மெல்லிய கோடு, சிறு சிறு முடிச்சுகளாக. தெரியாதவனுக்கு நரம்பு. தெரிந்தவளுக்கு அது போதும். இரண்டாவது மாட்டிலும் அதே இடத்தில் அதே கோடு.

பதினொன்றரை.

தீவன அறை வாசலில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினாள். ஆங்கிலத்தில் பேசினாள், ஹோலண்டுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக.

"வளர்ச்சிக் குளிகை என்று ஒன்று இருக்கிறது. ஓமோன். மாட்டின் காதுத் தோலுக்குள் தடித்த ஊசியால் ஏற்றிவிடுவது. மாதக்கணக்கில் கரையும், அதே தீனியில் மாடு கூடச் சதை போடும். காதில் வைப்பதற்குக் காரணம், காதை ஒருவரும் தின்பதில்லை, வெட்டும்போது எறிந்துவிடுவார்கள். இந்த நாட்டில் அது தடைசெய்யப்பட்டு இரண்டு வருடம். உங்கள் மாடுகளின் காதில் அது இருக்கிறது, மிஸ்டர் ஹோலண்ட்."

ஹோலண்டின் வாய் திறந்தது. "எங்கள் மாடுகளுக்கு மினரல்தான்..."

"மினரல் வெறும் உப்பு. சதை போட்டது குளிகை. செத்த மாட்டில் மட்டும் ஊசி பிழைத்துவிட்டது. குளிகைகள் கரையாமல் கட்டியாகி நின்றன. அதை நேற்று அருமைநாயகி அன்ரியின் விரல் கண்டுபிடித்தது. இன்றைக்கு நான் வந்து பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டார். ஆகவே அந்தக் காது விடிவதற்குள் போக வேண்டும். உயிருள்ள மாட்டில் தனி ஆளாகக் காது வெட்ட முடியாது. முதலில் மாடு சாக வேண்டும், பழி புக்கையில் விழ வேண்டும்."

"யார்?" என்றார் ஹோலண்ட்.

"அன்ரி அதைச் சொன்னது தமிழில். உங்களுக்கு விளங்கவில்லை, ஆகவே நீங்கள் இல்லை. விளங்கியவர்களில் தில்லையம்பலம் ஐயாவிடமும் அன்ரியிடமும் தீவன அறைத் திறப்பு இல்லை. மிச்சம் இரண்டு பேர்."

யோகலிங்கம் சுவரைப் பிடித்தான். ஆனந்தராஜா நிதானமாக, தமிழில் சொன்னார். "தங்கச்சி, இரவு முழுக்க நான் பெற்றோல் செட்டில நிண்டனான். இவன் இஞ்ச நிண்டவன். கணக்குச் சின்னது."

கத்தரினும் தமிழுக்கு மாறினாள்.

"ஷிப்டுக்குப் போற வழியில மாவை வைச்சனீங்கள், யோகலிங்கம் வானோட கிங்ஸ்பரிக்குப் போன நேரம். ஷிப்ட் முடிஞ்சு வாற வழியில, இருட்டோட, காதை வெட்டினனீங்கள். பிறகு வீட்டை போய்ப் படுத்தனீங்கள், போனுக்கு எழும்பி அள்ளுப்பட்டு ஓடி வந்தனீங்கள். அப்பிடித்தானே?"

"படுத்தது, ஓடி வந்தது மட்டும்தான் உண்மை."

"அப்ப ஏன் அண்ணை தோய்ஞ்சனீங்கள்?"

அவர் கை தன்னையறியாமல் தலைக்குப் போனது. மயிர் இன்னும் ஈரம்.

"மார்கழி தொடங்கித் தலையில தண்ணி படேல்லை. பூசைக்குக்கூடத் தோயாத ஆள். இண்டைக்குத் திங்கள். புதனுமில்லை, சனியுமில்லை. எண்ணெய் மணமும் இல்லை. வெளியில உறைபனி. பீனிசக்காரன் இந்தக் குளிரில தலைக்கு வார்க்கிறதுக்கு உங்கடை வீட்டில ஒரு காரணம்தான் இருக்கு. செத்ததைத் தொட்டுப்போட்டுத் தோயாமல் சாமிப்படத்துக்கு முன்னால போய்த் திருநீறு பூச ஏலாது." அவள் செத்த நாம்பனைக் காட்டினாள். "போன் வந்த பிறகு தோய்ஞ்சனீங்கள் எண்டு வையுங்கோ. அப்ப நீங்கள் இன்னும் தொடேல்லை. இஞ்ச வந்த பிறகும் கிட்டப் போகேல்லை. எப்ப தொட்டனீங்கள்?"

அருமைநாயகி வாயில் கையை வைத்தார். "ஐயோ, ஆனந்தராஜா. அந்த வாயில்லாச் சீவன்."

"தலை ஈரமெண்டு ஒருத்தனை மறியல் வீட்டில போட ஏலுமோ?" என்றார் ஆனந்தராஜா.

"ஏலாது. காது வேணும். மாட்டின்ரை காதை மரக்கறிச் சட்டி இருக்கிற வீட்டுக்குள்ள கொண்டு போக உங்களுக்கு மனம் வராது. நிலம் கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கு, கிடங்கு வெட்டித் தாழ்க்கவும் ஏலாது. இஞ்சதான் இருக்கு. ஒருத்தரும் திறக்காத இடத்தில, நாறாத இடத்தில. உப்புக்குள்ள." அவள் கையை நீட்டினாள். "கழுத்தில கிடக்கிற திறப்பைத் தாங்கோ."

பிறகு ஆனந்தராஜா மப்ளரை அவிழ்த்தார்.

டிரம்மின் ஆமைப்பூட்டு ஒரு திருப்பில் திறந்தது. கத்தரின் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவி, பிளாஸ்ரிக் பை ஒன்றை இழுத்தாள். உள்ளே கறுப்புக் காது. திருப்பினாள். பின்புறத்தில், மயிரோடு ஒட்டியபடி, அருமைநாயகி வைத்த குங்குமப் பொட்டு. அதற்குக் கீழே தோல் முண்டும் முடிச்சுமாக எழும்பியிருந்தது.

ஆனந்தராஜா ஹோலண்டைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார், இடையில் விட்டுவிட்டார். தமிழில் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"ஊரில ஒரு பகுதிக்கே நான்தான் மாட்டு உத்தியோகத்தன். இஞ்ச வந்து ஏழு வருசமா ஆரோ பெற்றோல் அடிக்க, நான் மிச்சக்காசு எண்ணிக் குடுக்கிறன். இந்த மனுசன் ஒருத்தன்தான் என்னைக் கதிரையில இருத்திக் கேட்டது. முதல் வருசம் என்ரை மினரலில ஒண்டும் ஏறேல்லை. இன்னொரு வருசம் அப்பிடிப் போனால் போ எண்டு விட்டிருப்பார்."

"அதுக்காக என்னை ஏத்தி அனுப்பப் பாத்தனீங்கள்," என்றான் யோகலிங்கம். சத்தம் போடவில்லை.

"பழி புக்கையில விழும் எண்டுதான் நினைச்சன். உன்னிலை எண்டில்லை."

"இண்டைக்குக் காலமை வந்து வாளி எண்டு சொன்னது ஆரிலை?"

ஆனந்தராஜா மப்ளரைக் கையில் சுருட்டினார்.

ஹோலண்ட் காதைப் பார்த்தார், கூண்டுக்குள் நின்ற மாட்டைப் பார்த்தார், கத்தரினைப் பார்த்தார். "மற்ற மாடுகள்?"

"ஒன்றையும் விற்க முடியாது. இன்றைக்கே அறிக்கை கொடுப்பேன். உங்கள் பெயரும் அதில் வரும்."

"எனக்குத் தெரியாது என்று எழுதுவீர்களா?"

"தெரியாது என்று எழுதுவேன். கேட்கவில்லை என்றும் எழுதுவேன்."

அவர் அதை ஏற்றுக்கொண்டு தலையசைத்தார். வெளியே கார் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஹோலண்ட் ஆனந்தராஜாவிடம் கையை நீட்டி, தீவன அறைத் திறப்பை வாங்கி, யோகலிங்கத்திடம் கொடுத்தார்.

"விற்கவிடாமல் தடுத்து வைத்தாலும் மாடுகளுக்குப் பசிக்கும். பின்னேரத் தீனியை நீயே பார். காலையில் நான் சொன்னது..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. யோகலிங்கமும் முடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

ஆனந்தராஜா வெறுந்தலையோடு வாசலைத் தாண்டினார். யோகலிங்கம் கதவுக்குப் பின்னால் கையை விட்டு, ஆணியில் கிடந்த குரங்குத் தொப்பியை எடுத்து நீட்டினான்.

"பீனிசம் கூடும், அண்ணை. போடுங்கோ."

அவர் வாங்கினார், போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு, உறைந்த சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, காரை நோக்கி நடந்தார். யோகலிங்கம் தீவன அறைக் கதவை இழுத்துச் சாத்தி, திறப்பை இரண்டு தரம் திருப்பினான்.